ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஓட்டு

1

இது பிறந்தநாள் மலருக்காக எழுதத் தொடங்கியது. தெர்சூக்வாவுக்கு எழுபது வயது. அவருக்கு மேடைப்பேச்சு எழுதிக் கொடுத்தவன் நான் என்பதால் குடும்பத்தார் நாலு பக்கம் கேட்டார்கள். முதல் வரி இப்படி வந்தது: ‘வங்கி மேலாளராகத் தொடங்கி, ஆளுநராகி, செனட்டராக உயர்ந்த மாமனிதர்.’ அதை அடித்துவிட்டேன். மாமனிதர்களுக்கு வயிற்றுவலி வருவதில்லை. இவருக்கு ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும்.

வேறு தொடக்கம்: நைஜீரியாவில், மக்குர்தி நகரத்து வங்கியில் யாருக்காவது கடன் மறுக்கவேண்டியிருந்தால் அவரே எழுந்து வருவார், உட்காரவைப்பார், முகம் பார்த்துச் சொல்வார். வெறுங்கையோடு போனவர்கள்தான் பிற்பாடு அவருக்கு ஓட்டுப் போட்டு ஆளுநராக்கினார்கள்.

இதை வைத்துக்கொள்கிறேன்.

2

ஆளுநரானதும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இக்பா ஊருக்குப் பாலம் கட்டத் தொடங்கினார். தூண்கள் எழும்பின. அந்த வருஷ வெள்ளத்தில் நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரி இடிந்தது. பாலத்துக்கு வைத்திருந்த பணத்தை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார். பாலம் நடு ஆற்றில் நின்றுபோனது.

(இங்கே அவரைத் தியாகியாக்கிவிடலாம். ஆனால் இந்தத் தடவை அவர் இக்பாக்காரர்களின் முகம் பார்த்துச் சொல்லவில்லை. நான் எழுதியதை ரேடியோவில் வாசித்தார், அவ்வளவுதான்.)

3

செனட் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்க, படகில் இக்பாவுக்குப் போனோம். கரையில் சேனைக்கிழங்கு வியாபாரி முவேசே இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“வாங்க ஆளுநரய்யா! பாலத்து மேல நடந்தா வந்தீங்க? கால் வலிக்குமே!”

கூட்டம் சிரித்தது.

“ஆஸ்பத்திரி முக்கியமா இருந்துச்சும்மா. அங்க பொம்பளைங்க செத்துக்கிட்டிருந்தாங்க.”

“சரிதான். அந்த ஆஸ்பத்திரிக்கு நாங்க எப்படிப் போறது? நீந்தியா?”

‘அப்போது அவர் கண்களில் ஒரு...’ (தெரியாது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

இக்பாவில் அவருக்கு ஓட்டே விழவில்லை. மற்ற ஊர்கள் ஜெயிக்கவைத்தன.

4

தலைநகர் அபூஜாவில், செனட்டில் மூன்று வருஷம், எந்த விவாதமானாலும் எழுந்து பாலத்தைப் பற்றியே பேசினார். சக செனட்டர்கள் ‘பாலம் மாமா’ என்றே கூப்பிட்டார்கள். கடைசியில் கட்சித் தலைவர் வரவழைத்தார்.

“பாலத்த முடிச்சுத் தரோம். அடுத்த தடவை உன் சீட்டு என் மருமகனுக்கு.”

“எழுத்துல வேணும்” என்றார். வங்கிக்காரர்.

காரில் திரும்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டே, “தேர்தல் இல்லாமயே வலிக்குதுடா” என்று சிரித்தார். அந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய அரசியல் முடிந்தது. நான் இதற்கு ஒரு பெரிய பத்தி எழுதி, கிழித்துப் போட்டேன்.

5

திறப்பு விழாவுக்கு அவருக்கு அழைப்பில்லை. கூட்டத்தில் தொப்பியை முகத்தின்மேல் இறக்கிவிட்டுக்கொண்டு நின்றார். கட்சித் தலைவரின் மருமகன் கத்திரியைத் தூக்கியபோது, இக்பா பக்கமிருந்து ஒரு வாடகைக் கார் விடாமல் ஹாரன் அடித்தபடி பாலத்தில் வந்தது. போலீஸ்காரர்கள் கத்தினார்கள். கார் ரிப்பனை இழுத்துக்கொண்டு வந்து நின்றது. பின் சீட்டில் ஒரு பெண் வலியில் அலறிக்கொண்டிருந்தாள். ஜன்னலில் முவேசேயின் தலை.

“ஏய், தொப்பி! ஒளிஞ்சா தெரியாதா? உன் ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?”

“நேரா போய் இடதுபக்கம்மா—”

“வாயால சொல்லாத. ஏறு, வழி காட்டு!”

ஏறினார். மருமகன் கத்திரியும் கையுமாக நிற்க, பேண்டு வாத்தியம் எதற்கென்று தெரியாமல் வாசிக்கத் தொடங்கியது.

தாயும் பிள்ளையும் நலம். அதில் நான் விளையாடமாட்டேன்.

பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தார்கள் என்று முடித்தால் மலருக்குப் பொருத்தமாக இருக்கும். முவேசே அவரை இன்னும் திட்டுகிறாள் என்பது உண்மைக்குப் பொருத்தம். எந்த முடிவை வைப்பது என்று அவரிடமே கேட்டேன். “பிள்ளையோட முகத்தப் பாத்தவங்க பெயர் வைக்கட்டும்” என்றார்.

நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் பாலத்திலேயே போகலாம். போய்ப் பார்த்துவிட்டு, ஒரு பெயர் சொல்லுங்கள்.