கட்டை மேல் நின்ற பென்குயின்

“எனக்காக நீ ஒண்ணும் பேச வேண்டாம், அக்கா. பேசாம இருந்தாப் போதும்.”

சுங்க அலுவலகத்துக் கேன்டீனில், ஏடு படிந்துபோன டீயைக் கையில் வைத்துக்கொண்டு சின்னவள் இதைச் சொன்னாள்.  பேச்சு பெரியவளுக்கு என்றைக்குமே வந்ததில்லை. வாய் சின்னவளுக்கு, காது பெரியவளுக்கு என்று சின்ன வயசிலேயே வீட்டில் பாகம் பிரித்தாகிவிட்டது. அப்படிப்பட்டவளிடம் வந்து பேசாமல் இரு என்று கெஞ்சினால், அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பெரியவள் அந்த அலுவலகத்தில் மதிப்பீட்டாளர். கப்பலில் வந்து இறங்குகிற சாமான் எந்த வகையில் சேரும் என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. தலையணையா, மெத்தையா? செருப்பா, செருப்பின் பாகமா? கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். சாமானுக்குச் சொந்தக்காரருக்கு வராது.

தங்கையின் கடைக்குச் சரக்கு வருகிறது என்று தெரிந்த அன்றே, ‘இது என் உடன்பிறந்தவளின் சரக்கு, இதை நான் பார்ப்பது முறையல்ல’ என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். கோப்பு பக்கத்து மேசை ஸ்வெட்டரிடம் போயிற்று. ஏ.சி. குளிர் ஆகாதென்று எந்நேரமும் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருக்கிற மனுஷன். சொந்தப் பெயரைச் சொன்னால் அந்த மாடியில் யாருக்கும் தெரியாது.

“நான்தான் விலகிட்டேனே. இன்னும் என்னடி?”

“நீ விலகிட்டே. உனக்குத் தெரிஞ்சது விலகலையே.”

“என்ன தெரிஞ்சது?”

“தெரியாத மாதிரி கேக்காதே. கட்டை விஷயம்.”

பெரியவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

போன மாதம் குழந்தையின் பிறந்தநாளுக்குச் சின்னவள் வந்திருந்தாள். பெரியவளுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண். வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். “சித்தி என்ன கொண்டு வந்திருக்கேன் பாரு!” என்று பையிலிருந்து ஒரு பென்குயினை எடுத்தாள். சிவப்புத் தொப்பி, கழுத்தில் பட்டுத் துணி, உடம்பெல்லாம் பஞ்சு. காலுக்கடியில் வட்டமாக ஒரு மரக்கட்டை. அப்படியே அலமாரியில் நிற்க வைக்கலாம். பண்டிகை நாளில் வீட்டை அலங்கரிக்கிற சாமான் அது. கடைக்கு வரப்போகிற சரக்கின் மாதிரி.

“கட்டையோட எப்படிடி குழந்தை விளையாடும்? மண்டையில போட்டுக்கும்” என்றாள் பெரியவள்.

“இங்க பாரு. இப்படி ஒரு திருகு, அப்படி ஒரு இழு. அவ்வளவுதான்! அலங்காரம் பொம்மை ஆயிடுச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும்தான் சிரித்தாள். அன்றிலிருந்து அந்தப் பென்குயினின் கழுத்தைக் கக்கத்தில் இடுக்காமல் வாண்டு தூங்கினதில்லை.

இப்போது கேன்டீனில் சிரிப்பு வரவில்லை. பொம்மை என்றால் பரிசோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும். கண்ணை இழுத்துப் பார்ப்பார்கள், தையலைப் பிரித்துப் பார்ப்பார்கள், பஞ்சைக் கொளுத்திப் பார்ப்பார்கள். சான்றிதழ் வருகிறவரை ஒரு உருப்படி வெளியே போகாது. அலங்காரப் பொருளுக்கு அந்த உபத்திரவம் கிடையாது. அலமாரியில் நிற்பதை யார் வாயில் போட்டுக்கொள்ளப் போகிறார்கள்?

“லேபுக்குப் போனா எப்போ வரும்?” என்றாள் சின்னவள்.

“பண்டிகைக்கு முன்னாடி வராது.”

“பண்டிகை முடிஞ்சப்புறம் தொப்பி போட்ட பென்குயினை யார் வாங்குவா? என் கொழுந்தனுக்குத்தான் மாட்டி விடணும் அந்தத் தொப்பியை. இது நானா தேடி, நானா பேசி, நானா வரவழைச்ச முதல் சரக்கு. இது தேங்கினா நீங்க வீட்டைப் பார்த்துக்குங்க அண்ணி, கடையை நான் பார்த்துக்கறேன்னு எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாரு.”

“உன் வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாரே. காபி ஆறிப்போச்சுன்னு சொன்னாரு.”

 பெரியவள் தங்கையின் கையைப் பிடித்தாள். “ஸ்வெட்டர் கேட்டா உள்ளதைச் சொல்லு. அவர் என்ன எழுதறாரோ எழுதட்டும். நான் என் வேலையைப் பார்க்கறேன்.”

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சின்னவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு வேளை முடிந்ததும் ஸ்வெட்டரின் மேசை மேல் மாதிரிகள் வந்து குவிந்தன. இரண்டு மேசைக்கும் நடுவில் இடுப்புயரத் தடுப்புதான். பெரியவள் யாருடையதோ டயர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தலை குனிந்தால் காதும் குனியுமா என்ன?

ஜிகினாச் சரம், தகர நட்சத்திரம், குட்டி மணி எல்லாம் மளமளவென்று நகர்ந்தன. அதிலெல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லை.

“இவர் யாரு?” என்றார் ஸ்வெட்டர், பென்குயினைத் தூக்கி.

சரக்கை விடுவித்துத் தருகிற ஏஜெண்ட் சின்னவளோடு முன்னால் வந்தார். “அலங்காரம் சார். என் மாமியார் மாதிரி. ஹால்ல நிப்பாங்க, பார்க்கலாம், தொடக் கூடாது.”

“உங்க மாமியார் தலையில தொங்க விடற கயிறு இருக்கா?”

“இருந்தா நல்லாத்தான் இருக்கும் சார்.”

ஸ்வெட்டர் சிரிக்காமல் பென்குயினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தலையில கயிறு. அடியில கட்டை. வயித்துல கனம். நிக்கறதுக்குன்னே பண்ணினதுதான். ஆனா இந்தக் கட்டை கழண்டுச்சுன்னா இது வேற ஜாதி ஆயிடும். கழலுமா?”

“ஒட்டினது சார்.”

“உங்களைக் கேக்கலை. ஏம்மா, சரக்கு உங்களுது. நீங்க சொல்லுங்க.”

கட்டையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை பலமாக இழுத்தார். அப்போதும் வரவில்லை. திருகிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

பெரியவளின் பேனா நின்றுவிட்டது. தெரியாது என்று சொல்லடி, ஏஜெண்டைக் கேளுங்கள் என்று சொல்லடி, ஏதாவது சொல்லிச் சமாளியடி என்று உள்ளுக்குள் மன்றாடினாள்.

“கழலாது சார்” என்றாள் சின்னவள். குரல் கணீரென்று இருந்தது. “பிச்சு எடுத்தா துணி கிழிஞ்சுடும்.”

“அப்போ சரி. அலங்காரம்னே எழுதிடறேன்.”

தான் எழுந்ததைப் பெரியவள் அறியவில்லை. நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்த சத்தம்தான் முதலில் கேட்டது.

“சார், ஒரு நிமிஷம்.”

“மேடம், நீங்க இதுல வரக் கூடாது. நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க.”

“தீர்ப்புச் சொல்ல வரலை. தெரிஞ்சதைச் சொல்ல வந்தேன். திருகிட்டு இழுங்க.”

ஸ்வெட்டர் ஒருத்தியைப் பார்த்தார், அப்புறம் இன்னொருத்தியைப் பார்த்தார். திருகி இழுத்தார். கட்டை வெற்றிலைப் பெட்டி மூடி போலச் சுளுவாகக் கையோடு வந்தது. பென்குயின் மேசையில் மல்லாந்து விழுந்தது. கட்டை போனதும் அது நிற்கிற சாமானாகவே இல்லை. தூக்கச் சொல்லிக் கையை நீட்டுகிற மாதிரி இருந்தது.

ஏஜெண்ட் ஜன்னல் வழியாக வெளியே எதையோ ரொம்ப சிரத்தையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

“உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?”

 பதில் சின்னவளிடமிருந்து வந்தது.

“நான்தான் காட்டினேன். இவ பொண்ணுக்கு ஆசையா ஒண்ணு கொடுத்தேன். எழுதிக்குங்க சார், அதையும் எழுதிக்குங்க.”

லேபுக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஸ்வெட்டர் கோப்பை மூடினார்.

படிக்கட்டில் சின்னவளை எட்டிப் பிடிப்பதற்குள் பெரியவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

“நில்லுடி. நீ கழலாதுன்னு சொல்லியிருக்கக் கூடாது.”

“தெரியாதுன்னு சொல்லியிருந்தா நீ உக்காந்தே இருந்திருப்பியா?”

“இருந்திருப்பேனோ என்னவோ.”

“பொய். அப்பவும் எழுந்திருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?” சின்னவளின் கண்ணில் தண்ணீர் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “ஒரு மாசமா உன் பொண்ணு அதைக் கட்டிப் பிடிச்சுட்டுத் தூங்கறாளே. எந்த லேபுக்கு அனுப்பிச்சுட்டுக் கொடுத்தே? அப்போ எங்க போயிருந்துது உன் சட்டம்?”

“நீ கொடுத்ததுங்கற நம்பிக்கை.”

“அந்த நம்பிக்கையை அங்க சொல்றதுக்கு என்ன?”

“ஊர்ல இருக்கிற குழந்தைக்கெல்லாம் நீ சித்தி இல்லையேடி.”

சின்னவள் இறங்கப் போனாள். மேல்படியில் ஒன்று, கீழ்ப்படியில் ஒன்று என்று கால் வைத்தபடி திரும்பினாள். “அதுல ஒரு கெடுதலும் இல்லைன்னா? எல்லாம் நல்லா இருக்குன்னு லேப் சொல்லிட்டா? அப்போ என்ன பண்ணுவே?”

“அது என்னன்னுதான் கேட்டாங்க. நல்லதா கெட்டதான்னு கேக்கலையே.”

“நல்லாப் பேசறே. இத்தனை வருஷம் இந்தப் பேச்செல்லாம் எங்க வச்சிருந்தே?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் ஈரத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் சட்டைக் காலரை உதறி நிமிர்த்தி, க்ளிப் மாட்டினார்.

“சரியாத்தான் செஞ்சிருக்கே.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிட்டிருக்கே?”

அவள் உள்ளே போனாள். வாண்டு தரையில் உட்கார்ந்து பென்குயினுக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். “அம்மாவுக்குக் கொஞ்சம் கொடு” என்று வாங்கினாள். வாங்கி, அதன் கண்ணைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இழுத்தாள்.

அசையவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, பென்குயினை முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தாள். வா, வந்துவிடு. ஒரு கண்ணாவது கையோடு வா. நெற்றியில் வேர்த்தது. வாண்டு ஸ்பூனைப் போட்டுவிட்டு வீரிட்டு அழ ஆரம்பித்தாள்.

கணவர் ஓடி வந்தார். “என்ன பண்றே நீ?”

“கெட்டியா இருக்கான்னு பார்த்தேன்.”

“இருக்கா?”

“இருக்கு.”

“அதுக்குச் சந்தோஷம்தானே படணும்?”

அவர் யோசிக்காமல் கேட்டதுதான். ஆனால் அவள் இழுப்பதை நிறுத்தினாள். தன் குழந்தை தினமும் வாயோடு வைத்துக்கொண்டு தூங்குகிற பொருளில் ஒரு கோளாறு இருக்க வேண்டும் என்றல்லவா இவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டிருந்தாள்? தான் செய்தது சரி என்று ஆக வேண்டும், அதற்காக! பென்குயினை வாண்டுவின் மடியில் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

ரொம்ப நேரம் மணி அடித்தபின் சின்னவள் எடுத்தாள்.  பின்னால் கொழுந்தனின் குரல் ஏதோ உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

“கண்ணு கெட்டியா இருக்குடி” என்றாள் பெரியவள். “நான் இழுத்துப் பார்த்தேன். நல்ல சரக்குதான்.”

“அதை ஸ்வெட்டர்கிட்ட சொல்லேன்.”

“நான் சொன்னா எடுபடாது. லேப் சொல்லணும்.”

“லேப் எப்போ சொல்லும்?”

அதற்கான பதில் இரண்டு பேருக்கும் தெரியும்.  அந்தப் பக்கம் கொழுந்தனின் குரல் கிட்டத்தில் வந்தது. “யார் அண்ணி போன்ல?”

“யாருமில்லை” என்றாள் சின்னவள், கணீரென்ற குரலில். ஆனால் போனை வைக்கவில்லை.