'முன்' என்று போட்ட முகம்

பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுப்பவளை, கன்னம் வீங்கிய ஓர் அம்மாள் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பேசியைப் பார்ப்பதும் இவளைப் பார்ப்பதுமாக இருந்தவர், கடைசியில் எழுந்தே வந்துவிட்டார்.

"கோவிச்சுக்காதம்மா. இது நீதானே?"

திரையில் அவள் முகம்தான். அழுது வீங்கிய கண்கள், கலைந்த தலை, வயிற்றோடு அணைத்த வெந்நீர்ப் பை. மேலே 'முன்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் 'பின்' என்று அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். அது போன வருடம் தம்பி கல்யாணத்தில் எடுத்த படம். கீழே இப்படி இருந்தது: "மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வந்தாலே கணவர் மேல் தட்டை வீசுவார். எங்கள் புரோபயாட்டிக் பொடியிலுள்ள நல்ல கிருமிகள் இருபத்தொரு நாளிலேயே இவரைச் சாந்தமாக்கிவிட்டன!"

"இதைப் பாத்துத்தான் எம் பொண்ணுக்கு மூணு டப்பா வாங்கினேன். பாவம், மாசாமாசம் துடிக்கிறா. நிஜமாவே கேக்குதாம்மா?"

அந்தப் பொடியை விற்பவள் அவளுடைய நாத்தனார். மூன்று மாதத்துக்கு முன் வீட்டுக்கு வந்து ஒரு டப்பாவைக் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தாள். கெட்டுப்போன பால் நாற்றம். மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் குடித்தாள். வயிறு உப்பியது, புளித்த ஏப்பம் வந்தது, வலி இருந்த இடத்திலேயே இருந்தது. மீதியைக் குப்பையில் கொட்டிவிட்டாள்.

"மத்தவங்களுக்கு எப்படியோ, எனக்குக் கேக்கலைம்மா. நாலு நாள்தான் குடிச்சேன். இந்தப் படத்தைப் போடச் சொல்லி நான் யார்கிட்டயும் சொல்லலை. பொண்ணுக்கு அவ்வளவு முடியலைன்னா ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

அந்த அம்மாள் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அந்தப் படம் எடுத்தபோது அறையில் அவளைத் தவிர இருந்தது ஒரே ஓர் ஆள்.

சாயங்காலம் கணவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"என்னைப் படம் எடுத்தீங்களா?"

"ஆமா. உனக்கு எப்படி இருக்குன்னு அக்கா கேட்டா. சும்மா அனுப்பினேன்."

"நான் எப்பங்க தட்டை வீசினேன்?"

"ஒரு பேச்சுக்கு எழுதியிருப்பா. விளம்பரம்னா அப்படித்தானே?" என்று சிரித்தான்.

அவன் போனை வாங்கிப் பார்த்தாள். படத்துக்குக் கீழே அவன் எழுதியிருந்தது: "மாசாமாசம் இந்தக் கூத்துதான்." பதிலுக்கு நாத்தனார் ஆறு சிரிப்புப் பொம்மைகளை அனுப்பியிருந்தாள். அவள் அந்தப் போனிலேயே கூப்பிட்டாள்.

"அண்ணி, அந்தப் படத்தை எடுத்துடுங்க."

"குடும்பத்துக்குள்ள இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? நாலு பேருக்கு நல்லதுதானே நடக்குது?" கொஞ்சம் நிறுத்தி, குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டாள். "இப்ப அந்த நாளா? அதான் இவ்வளவு கோவம்."

அந்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதை அவளிடம் சொல்லக்கூட நாக்கு கூசியது. போனை வைத்துவிட்டு, தன் போனில் அந்த விளம்பரத்தைத் தேடி எடுத்து அதன் கீழே எழுதினாள்: "இந்தப் படத்தில் இருப்பவள் நான். என்னைக் கேட்காமல் போட்டிருக்கிறார்கள். நாலு நாள் குடித்தேன், நின்றுவிட்டேன். தட்டு எதையும் வீசவில்லை."

அரை மணி நேரத்தில் விளம்பரம் காணாமல் போனது. நாத்தனார் தன் தம்பிக்குப் போன் போட்டு ஓவென்று அழுதாள்.

"குடும்ப மானத்தைக் கப்பல் ஏத்திட்டியே!" என்று அவன் கத்தினான்.

"ஏத்தினது நீங்க ரெண்டு பேரும். நான் இறங்கிட்டேன், அவ்வளவுதான்."

அவன் குரலைத் தாழ்த்தி, சமாதானமாகத் தோளில் கை வைத்தான். கம்பளிப்பூச்சி ஊர்ந்தது போலிருந்தது. தட்டிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வலி வந்தபோது அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"வெந்நீர் கொண்டு வந்திருக்கேன்."

"வாசல்லயே வச்சுட்டுப் போங்க."

பாத்திரத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. அவன் காலடி கூடத்தைத் தாண்டும்வரை காத்திருந்து, பிறகுதான் எழுந்து கதவைத் திறந்தாள்.