பத்துக்கு எத்தனை

பிரவீனாவுக்கு மாதவிலக்கு என்றால் முதல் இரண்டு நாள் உயிர் போய்த் திரும்பும். பீளமேட்டு ஹாஸ்டலில் பாத்ரூம் தரையில் சுருண்டு கிடப்பாள். லேப் வேலைக்கு லீவு சொல்லக்கூட வாய் வராது. ஆறு வருஷமாக இதே கதை. பார்த்த டாக்டர்கள் மூன்று பேரும் 'லேசான வலி' என்று எழுதி, மாத்திரை கொடுத்து, கல்யாணமானால் சரியாகிவிடும் என்று அனுப்பிவைத்தார்கள்.

"அவங்ககிட்ட அப்படி என்னடி சொன்னே?" என்று கேட்டாள் அறைத்தோழி ஷ்ரவ்யா.

"வலிக்குதான்னு கேட்டாங்க. கொஞ்சமா வலிக்குதுங்கன்னேன்."

"கொஞ்சமா! போன மாசம் தலகாணியக் கடிச்சுக் கிழிச்சது யாரு, எலியா?"

இந்தத் தடவையும் 'லேசு' என்று எழுதினால் இனி எந்த டாக்டரிடமும் போவதில்லை என்று பிரவீனா முடிவு செய்திருந்தாள். அதனால் நாலாவது டாக்டரிடம் ஷ்ரவ்யாவே கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடலாம்?"

பிரவீனா துப்பட்டா நுனியைப் பார்த்தாள். "நாலு... மூணே போடுங்க."

ஷ்ரவ்யாவுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர், இவ காங்கேயத்துக்காரிங்க. பசியில மயங்கி உழுந்தாலும், சாப்பிடறியா கண்ணுன்னா வேண்டாமுங்கம்பா. மூணு தடவை கேட்டாத்தான் எலையில உக்காருவா. ஆசுபத்திரியில எல்லாரும் ஒரு தடவைதானுங்க கேக்கறாங்க."

பிரவீனா அவள் தொடையைக் கிள்ளினாள்.

டாக்டரம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "அப்படீங்களா? சரி, ரெண்டாந்தடவை கேக்கறேன். எத்தனை அம்மணி?"

"அஞ்சுங்க."

"கூச்சப்படாதீங்க. இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க."

பிரவீனாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வேகத்தில் கண்ணும் நிறைந்துவிட்டது.

"ஒம்பது," என்றாள். 'ங்க' போடவே மறந்துபோனாள். "நிக்க முடியல. வாந்தி வருது. அந்த நாள்ல வெளிக்குப் போனா உள்ளுக்குள்ள அறுக்கற மாதிரி இருக்குது. பத்துன்னு சொன்னாப் பொய்யாயிருமோன்னுதான் ஒண்ணைக் கொறைச்சேன்."

டாக்டரம்மா மூச்சுவிடாமல் ஒரு பக்கம் எழுதினார்.

"கருப்பைக்குள்ள இருக்கற சவ்வு மாதிரியே வெளியிலயும் வளர்ந்திருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. அதுதானான்னு பாக்கணும். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

"சரிங்க, வாரேனுங்க," என்று பிரவீனா பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டாள். கதவுவரை போய் நின்றாள்.

"ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைன்னா?"

"அப்பவும் உங்க வலி பொய்யாயிடாது. தேட வேற வழி இருக்குது. சொல்லட்டுங்களா?"

வெளியே பதினாலு பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். பிரவீனா அவர்களை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.