பட்டறைக்கு வந்தால் வாயை மூடும் வண்டி

என் தம்பி வண்டிக்கு என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. வீட்டிலிருந்து கிளம்பினால் சத்தம் போடுமாம். என் மெக்கானிக் பட்டறை வாசலுக்கு வந்தால் மட்டும் வாயைத் திறக்காது.

எங்கள் அப்பா ஓட்டிய பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் அது. தம்பி தினமும் காலையில் மகளை டாங்கின் மேலும் மனைவியைப் பின்னாலும் உட்கார வைத்துக்கொண்டு மேட்டுத்தெருவிலிருந்து சரிவில் இறங்குவான். பின்னால் உட்கார்ந்து வருகிற தம்பி மனைவிதான் எனக்கு போன் போட்டுப் போட்டு உயிரை எடுத்தாள்.

"அண்ணி, உள்ள ஏதோ தட்டுது. காதுல கேக்குறத விட கால்ல நல்லா தெரியுது. காலு வெச்சிருக்கிற கம்பி வழியா வருது."

"கால்ல தெரியுதா? நல்லாருக்கே! அப்போ ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுட்டு நானும் காலை வெச்சே வேலை பாத்துடறேன்."

அப்படிக் கிண்டல் செய்தேனே தவிர, பார்க்காமல் விடவில்லை. தம்பி வண்டியைக் கொண்டுவரும்போதெல்லாம் பார்த்தேன். என்ஜின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டினால் முள் கம்பீரமாக நின்றது, பிஸ்டன் ரிங்கில் குறையில்லை. சைலன்சரில் புகை இல்லை. டாப்பெட் இடைவெளி சரி. நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். பால் குடித்த குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தது சனியன். எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தால் புத்தம்புது எண்ணெய். வண்டியை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறான் என் தம்பி என்று எனக்குப் பெருமை வேறு.

"உனக்கு இந்த வண்டியே புடிக்கல, அதான் சாக்கு சொல்ற" என்று அவளிடம் ஒருநாள் கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. "எனக்குப் பயமா இருக்கு அண்ணி. முன்னாடி குழந்தை உக்காந்திருக்கா" என்று மட்டும் சொன்னாள்.

எரிச்சலாக வந்தது. தொழில் தெரிந்தவளுக்கு இதைவிட அவமானம் என்ன இருக்கிறது? ஊரெல்லாம் என் காதை நம்பி வண்டியை விடுகிறது. சொந்தத் தம்பி வண்டியில் ஒரு சத்தம் என் கையில் அகப்படாமல் கண்ணாமூச்சி ஆடுகிறது.

அடுத்த முறை அவன் வந்ததும் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். அவன் டீ வாங்கிவரப் போனான். ஆத்திரத்தில் அடியிலிருந்த எண்ணெய் மூடியைக் கழற்றினேன். எண்ணெய் கொட்டவில்லை. தேன்போல நூலாக இழுத்துக்கொண்டு இறங்கியது. விரலில் தொட்டு முகர்ந்தேன். லாரிக்கு ஊற்றும் கியர் எண்ணெய்!

அடப்பாவி!

இவ்வளவு கெட்டியான எண்ணெய் தேய்ந்த இடத்தில் மெத்தைபோல உட்கார்ந்துகொள்ளும். எந்தத் தட்டலும் கொஞ்ச நேரத்துக்கு வெளியே கேட்காது. என்னிடம் வரும் முன்னால் ஒவ்வொரு தடவையும் பழையதை வடித்துவிட்டு இதை ஊற்றியிருக்கிறான். பேரிங் தேய்ந்தால் எண்ணெயில் தெரியும் உலோகத்தூள் என் கண்ணில் படாததற்கும் அதுதான் காரணம்.

சரியான எண்ணெயை ஊற்றி உதைத்தேன். சூடேறும்வரை பொறுத்தேன். பிறகு வந்தது, அடிவயிற்றிலிருந்து. டொக், டொக், டொக்.

நிறுத்திவிட்டு ப்ளக்கைக் கழற்றினேன். அந்த ஓட்டை வழியாகப் பிஸ்டன் தலையில் ஒரு மெல்லிய குச்சியை நிறுத்தி, கியரைப் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தேன். சக்கரம் நகர்ந்தது, குச்சி நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அசைத்த பிறகுதான் துள்ளியது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் அடிப்பக்க பேரிங் போய்விட்டது. சரிவில் இறங்கும்போது அது இறுகிப் பிடித்திருந்தால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டிருக்கும். டாங்கின் மேல் குழந்தை.

தம்பி டீயோடு வந்தான். கீழே தட்டில் கெட்டி எண்ணெயைப் பார்த்ததும் முகம் செத்துப்போனது.

"உனக்கு மூளை இருக்காடா? பெத்த பொண்ணை முன்னாடி வெச்சுக்கிட்டாடா இதை ஓட்டுற!"

"இவ்ளோ மோசம்னு தெரியாதுக்கா. சின்னச் சத்தம்னு நெனச்சேன்."

"சின்னச் சத்தத்துக்கு ஏன்டா திருட்டுத்தனம்? எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா என்ஜினைத் தொறப்ப."

"பின்ன, பூ போட்டுக் கும்பிடுவேனா?"

"தொறப்ப. மூட மாட்டியேக்கா." அவன் பட்டறை மூலையைப் பார்த்தான். "வெளியாளுங்க வண்டின்னா சொன்ன தேதிக்குக் குடுத்துடற. நம்ம வீட்டு வண்டின்னா 'அப்புறம் பாக்கலாம்'. மாமா ஸ்கூட்டரைப் பாரு. அப்பா வண்டியும் அந்தச் சாக்குக்கு அடியிலயே போயிடும்னு பயந்தேன்."

மூலையில் என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர், பிரித்த கோலத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. அதன் ஸ்க்ரூக்களை எந்த டப்பாவில் போட்டேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. மனுஷன் பாவம், பஸ்ஸில் போய் வருகிறார். அவன்மேல் இருந்த கோபம் போகவில்லை, என்மேலும் கொஞ்சம் வந்து சேர்ந்துகொண்டது.

தம்பி மனைவிக்கு நானே போன் செய்தேன். "நீ சொன்னதுதான் சரி. உன்கிட்ட கத்தினது தப்பு. இனிமே குழந்தையை இதுல ஏத்தாத" என்றேன்.

மறுநாள் அவள் குழந்தையைப் பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"என்ஜினை மூடுற வரைக்கும் தினமும் வருவேன் அண்ணி. நீங்க வேலையப் பாருங்க."

வந்தாள். வெளி வண்டி ஏதாவது உள்ளே நுழைந்தால், "இது முடியட்டும், அப்புறம் வாங்க" என்று என்னைக் கேட்காமலே திருப்பி அனுப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த எரிச்சலிலேயே ராடு மாற்றி, பேரிங் மாற்றி, என்ஜினை மூடினேன்.

அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கி, திரும்ப ஏறி வந்தேன். பட்டறை வாசலில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் திரும்பிப் பார்த்தேன். எந்தப் பரீட்சைக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை.

அவள் கம்பியில் காலை அழுத்தி, கண்ணை மூடி நிதானமாகக் கவனித்தாள்.

"இல்ல அண்ணி. சும்மா இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைக் கவனிக்காமல் இறங்கி நேரே மூலைக்குப் போனாள். சாக்கை உருவித் தூசி தட்டி மடித்து வைத்துவிட்டு, ஸ்டூலை ஸ்கூட்டர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஸ்க்ரூ டப்பா எங்க அண்ணி?"