இருபத்து மூன்றாவது குழாய்

நான்காவது முறையாகப் போன் அடித்தபோது அவள் அப்பாவின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு வழுக்கிக்கொண்டே போனது. "யாராவது அந்தச் சனியனை எடுங்களேன்!" என்று கத்தினாள். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த உறவு மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்ததே தவிர ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் அவளேதான் எடுத்தாள்.

"அடிமட்டம் பொண்ணுங்களா?"

வேலையிடத்தில் அப்பாவுக்கு அதுதான் பெயர். பூமிக்குள் இரண்டு கிலோமீட்டர் துளை போட்டு, அடிப்பாறைச் சூட்டில் கொதிக்கிற நீராவியை மேலே கொண்டுவந்து மின்சாரம் எடுக்கிற இடம் அது. துளைக்குள் இறங்கும் ஒவ்வொரு இரும்புக் குழாயையும் தன் கையால் டேப் வைத்து அளக்காமல் விடமாட்டார் என்பதால் வந்த பட்டம். இன்று காலை ஆறு மணிக்கு அம்மா போய் எழுப்பியபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"அவர் காலையில தவறிட்டார். ஆபீசுக்குச் சொல்லிட்டோமே."

"தெரியும்மா. நான் ஷிஃப்ட் இன்சார்ஜ் பேசறேன். எப்படிக் கேக்கறதுன்னே தெரியல... அவரோட நோட்டு வேணும்."

"என்னது?"

"குழாய் எண்ணிக்கை நோட்டு. கம்ப்யூட்டர் நேத்து காலையிலேர்ந்து படுத்துக்கிச்சு. நேத்து எத்தனை குழாய் இறக்கினார், எது எவ்வளவு நீளம், எல்லாம் அதுலதான் இருக்கு. மேல மிச்சம் இருக்கறதை எண்ணிக் கழிக்கலாம்னா, புது லோடு வந்து கலந்துபோச்சு. ஆழம் தெரியாம இறக்கினா நுனியில பாறையைக் குடையற பிட்டு அடியில மோதி உடையும். இறக்காம வெச்சிருந்தா சூட்டுல சிக்கிக்கும். உள்ள ஊத்தற தண்ணியும் குறைஞ்சிட்டே வருது, அது நின்னா நீராவி மேல வந்துரும். துளைக்கு மேல மேடையில எட்டுப் பேர் நிக்கிறாங்கம்மா."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தும் இந்த மனுஷனை வீட்டுக்கு விடமாட்டார்களா? அம்மாவுக்கு ஆபரேஷன் அன்றைக்கும் துளை பாதியில் நிற்கிறது, அவளுடைய கல்யாணத்துக்கு முந்தின நாளும் துளை பாதியில் நிற்கிறது என்றுதான் ஓடினார். என்றைக்குத்தான் அது முழுசாக இருந்தது?

இரும்பு அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எறிந்தாள். டேப் நாலு, கண்ணாடி உடைந்த பிரஷர் மீட்டர், வால்வுப் பிடி, ஒற்றைக் கையுறை, பல் தேய்ந்த மூன்று சக்கரப் பிட்டு ஒன்று. அதைத் தூக்கிப் போடச் சொல்லிச் சொல்லியே அம்மாவுக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. நோட்டை மட்டும் காணோம்.

"அம்மா, நேத்து போட்டிருந்த சட்டை எங்கே?"

"மெஷின்ல போட்டுட்டேன்."

"இன்னிக்கா? இன்னிக்குப் போய்த் துணி துவைக்கிறியா?"

"வேற என்னடி செய்யச் சொல்றே என்னை?"

தலையில் அடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பாக்கெட்டைப் பாக்காம நான் என்னிக்குடி போட்டிருக்கேன்?"

நோட்டு அம்மாவின் மடியில்தான் இருந்தது. சின்ன நோட்டு, அட்டையெல்லாம் கிரீஸ் கறை. மகள் பிடித்து இழுத்தும் அம்மா சட்டென்று விடவில்லை. "படிச்சிட்டுத் திருப்பிக் குடுத்துரணும்," என்றாள்.

"போட்டோ எடுத்து அனுப்பட்டுமா சார்?" என்று போனில் கேட்டாள்.

"மேடையில செல்போன் கூடாதும்மா, இது இங்கத்துப் போன். நீங்க படிங்க, நான் எழுதிக்கறேன்."

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அப்பாவின் காலடியில் உட்கார்ந்து படித்தாள். "ஒண்ணு. ஒம்பது புள்ளி அஞ்சு ரெண்டு."

"ஒம்பது புள்ளி அஞ்சு ரெண்டு," என்றது போன். சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்லாமல் எழுதுவதில்லை, அது அவர்கள் பழக்கம். இப்படி ஏழெட்டுக் குழாய் போவதற்குள் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"இழவு வீட்டுல என்னம்மா இது, ஏலம் விடற மாதிரி? அண்ணனை எடுத்தப்புறம் பேசிக்கக் கூடாதா?"

"அங்கே எட்டுப் பேர் உயிரு சித்தப்பா. கொஞ்சம் சும்மா இருங்க." சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போனார்.

"இருபத்து ரெண்டு. ஒம்பது புள்ளி நாலு எட்டு." போன் திருப்பிச் சொன்னது. "இருபத்து மூணு. ஒம்பது புள்ளி நாலு எட்டு."

இதைப் போன் திருப்பிச் சொல்லவில்லை.

"சார்?"

"ரெண்டும் ஒரே அளவா? அப்படி அடுத்தடுத்து வர்றது அபூர்வம்மா. பக்கத்துல நேரம் போட்டிருப்பாரே?"

"பதினொண்ணு இருபது. அடுத்தது பதினொண்ணு இருபத்து நாலு."

"நாலு நிமிஷத்துல ஒரு குழாய் இறக்க முடியாது. ஒரே குழாயை ரெண்டு தடவை எழுதிட்டாரா? சேச்சே, அடிமட்டம் அப்படிப் பண்ணமாட்டாரே. எண்ணும்போது பக்கத்துல இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். ஒருவேளை நேரத்தைத் தப்பாப் போட்டாரோ? ஒம்பது மீட்டர் வித்தியாசம்மா. அது ஒண்ணா, ரெண்டா?"

எனக்கென்ன தெரியும், நானா இறக்கினேன் என்று கேட்க வாயெடுத்தவள் போன் திரையைப் பார்த்தாள். வந்த அழைப்புகளின் பட்டியலைத் தள்ளினாள். இன்றைக்கு இதே எண்ணிலிருந்து நாலு. அதற்குக் கீழே நேற்று ஒன்று, பதினொன்று இருபத்தொன்று, முப்பத்தெட்டு வினாடி.

அவள் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில், மேஜைக்கு முன்னால் ஆறு பேர் நின்ற நேரம். "என்னப்பா, சீக்கிரம் சொல்லுங்க," என்றாள். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்," என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. மேடைப் படி ஏறியிருப்பார் என்று நினைத்தாள். வேலை நேரத்தில் சும்மா யாராவது கூப்பிடுவார்களா என்று எரிந்து விழுந்து வைத்துவிட்டாள். அவர் போனை வைத்துவிட்டுப் போய், ஏற்கெனவே எழுதியதை மறந்து அதே குழாயை மறுபடி எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் பதினெட்டுக் குழாய் இறக்கியிருக்கிறார், பாவி மனுஷன், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல்.

"ஒண்ணுதான் சார்."

"எப்படிம்மா உறுதியாச் சொல்றீங்க?"

"நடுவுல எனக்குப் போன் பண்ணினார்."

"இருபத்து மூணை அடிச்சிட்டேன்," என்றார் இன்சார்ஜ். "அடுத்ததைச் சொல்லுங்கம்மா."

அம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "நேத்து உனக்குப் போன் பண்ணினாரா? என்னடி சொன்னார்?"

"சும்மாதான்மா கூப்பிட்டார்."

"சும்மாவா?"

மகள் நோட்டில் விரல் வைத்து அடுத்த வரியைத் தேடினாள். "ஒம்பது புள்ளி அஞ்சு ஒண்ணு," என்றாள்.

"கேக்கலம்மா," என்றது போன். "இன்னொரு தடவை சொல்லுங்க."