கரிக்குப் போட்ட இரண்டு ஊசி

1

இந்தக் கதை என் அக்கா சொன்னது. அவள் கால்நடை மருத்துவர். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே சொல்லி முடித்தவள், "இதைக் கதை கிதைன்னு எழுதித் தொலைக்காதே" என்றாள். அதற்குள் நான் மனதில் முதல் வரியைத் தேடத் தொடங்கியிருந்தேன். அது அவளுக்கும் தெரியும். பதினைந்து நாள் கழித்து அவளே வந்து கேட்டாள்: "எங்கே, எழுதினதைக் காட்டு."

கடைவாயில் நுரை ஒழுக, சிவந்த கண்களோடு அந்த நரி

அதற்கு மேல் படிக்க விடவில்லை. "ஏண்டி, வெறிநோய்னாலே உங்களுக்கு நுரைதானா? அந்த நரி சாதுவா நடந்து வந்துச்சு. பட்டப்பகல்ல, ஆளைப் பார்த்தும் ஓடாம. அதுக்குத்தான் பயப்படணும். நுரையை எதிர்பார்த்துக்கிட்டு, சாதுவா வர்றதைத் தடவிக் கொடுக்கப் போறவங்க எத்தனை பேர் தெரியுமா?"

அந்த வரியை அடித்துவிட்டேன். நரி சாதுவாகவே வரட்டும்.

2

ஒரு வீட்டில் மூன்று பேர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவர் மனைவி, ஏழு வயது மகள். கூடவே, ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு கறுப்பு நாய்கள்: கரி, மை. வெளியாட்களுக்குக் கழுத்துப்பட்டையைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். கரிக்குச் சிவப்பு, மைக்கு நீலம். குணம் மட்டும் நேரெதிர். கரி யார் கூப்பிட்டாலும் பின்னாலேயே போகும். மைக்குப் பட்டையை எடுக்கிற சத்தம் கேட்டாலே போதும், கட்டிலுக்கடியில் போய்விடும்.

பதினான்கு மாதங்களுக்கு முன் அந்தப் பகுதியில் தடுப்பூசி முகாம் நடந்தது. மனைவிக்கு அன்று முழுக்க வகுப்பு. "ரெண்டு பேருக்கும் போட்டுட்டு வந்துடுங்க. ரெண்டு பேருக்கும், காதுல விழுந்துச்சா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் கரியைக் கூட்டிப் போனார், ஊசி ஆயிற்று. திரும்பி வந்தால், மை கட்டிலுக்கடியில் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. பிஸ்கட்டை நீட்டினார், துடைப்பக்கட்டையை நீட்டினார், தரையில் குப்புறப் படுத்துக் கெஞ்சிக்கூடப் பார்த்தார். முழங்கால் வலிதான் மிச்சம். முகாம் மூட அரை மணி நேரம் இருந்தது. கரி வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றது. அவர் அதன் சிவப்புப் பட்டையைக் கழற்றினார். ஆணியில் தொங்கிய நீலப் பட்டையை அதற்கு மாட்டினார்.

"பரவாயில்லையே, இவன் அண்ணனைவிடச் சமத்தா இருக்கானே!" என்று மெச்சியபடி இரண்டாவது ஊசியையும் அதே நாய்க்குப் போட்டவள் என் அக்கா. மை என்று பெயரெழுதி, சான்றிதழில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

(இரண்டு ஊசியால் கரிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் சோம்பிக் கிடந்தது, அவ்வளவுதான். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.)

3

இந்த மனிதர் இப்படிச் செய்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஃபிரேமுக்குள் கண்ணாடி அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்கிறவராம். அப்படிப்பட்டவரா இதைச் செய்தார்? அவருக்காக ஒரு காரணம் தயாரித்தேன். சிறு வயதில் ஊசி என்றாலே அலறிய ஒரு தம்பி

வேண்டாம். இல்லாத தம்பியைக் கொண்டுவந்து இவரை ஏன் காப்பாற்ற வேண்டும்?

யோசித்தால் விஷயம் எளிமையானது. அடுத்த வாரம் மையைக் கூட்டிப் போய்விடலாம் என்று உண்மையாகவே நினைத்திருந்தார். ஆனால் கோப்பில் சான்றிதழ் இருந்தது. அது இருக்கும்போது அவசரம் எங்கிருந்து வரும்? முதல் மாதம் அந்தக் கோப்பைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தியது. இரண்டாம் மாதம் கோப்பைப் பார்ப்பதைத் தவிர்த்தார். அரை வருடத்தில், மைக்கும் ஊசி போட்டுவிட்டதாக அவருக்கே ஒரு நினைவு உண்டாகியிருந்தது. பொய் சொல்கிறவர்கள் எல்லோரும் எந்நேரமும் பயந்துகொண்டே இருப்பதில்லை. பெரும்பாலான நேரம் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள்.

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு என் பூனையின் தடுப்பூசி அட்டையைத் தேடினேன். கெடு தாண்டி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மறுநாளே கூட்டிப் போனேன். "நீ எழுதினதுல உருப்படியா நடந்தது இது ஒண்ணுதான்" என்றாள் அக்கா.)

4

நரி வந்தபோது கரி, மனைவியோடு காரில் போயிருந்தது. மகள் பள்ளியில். கொல்லையில் மை மட்டும் இருந்தது. கணவர் சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் மையின் இடது காது கிழிந்திருந்தது. நரி வேலிப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் செத்துவிட்டது. அதன் மூளையைச் சோதித்ததில் வெறிநோய் உறுதியானது. அக்கா உடனே அவர்களை வரச் சொன்னாள்.

எடை பார்க்கும் மேடை மேல் மை நடுங்கிக்கொண்டு நின்றது. கணவர் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"காதை யார் துடைச்சது?" என்று கேட்டாள் அக்கா.

"நான்தான் டாக்டர்."

"வெறுங்கையாலயா? நரியோட எச்சில் பட்டிருக்குமே. இங்கேயிருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. உங்களுக்கும் ஊசி உண்டு."

மனைவி சிரித்துவிட்டார். "நல்லா வேணும். ஊசின்னா ஒளியறதுல ரெண்டும் ஒரே ஜாதகம்."

கணவர் சிரிக்கவில்லை. மனைவி கோப்பைத் திறந்து, சான்றிதழை எடுத்து நீட்டினார்.

"தடுப்பூசி போட்ட நாய்தான். மூணு வருஷம் தாங்கற ஊசி, நல்லதாப் போச்சு" என்றாள் அக்கா. "இன்னிக்கு இன்னொரு ஊசி. அப்புறம் நாற்பத்தஞ்சு நாள் வீட்டிலேயே கட்டிவெச்சுப் பார்த்துக்கலாம். ஊசியே போடாத நாயா இருந்தா, ஒண்ணு கருணைக்கொலை, இல்லன்னா நாலு மாசம் தனிக்கூண்டு. பாப்பா எங்கே தூங்குவா?"

"மையோடதான். அதன் முதுகுல காலைப் போட்டாத்தான் மகாராணிக்குத் தூக்கமே வரும்."

கணவர் நாயின் கழுத்திலிருந்து கையை எடுத்தார்.

5

இங்கே எனக்கு மூன்று வழிகள் இருந்தன.

அவர் வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தைந்து நாளில் மைக்கு ஒன்றும் ஆகவில்லை. பொய் சொன்ன மனிதர் பொய்யோடு நிம்மதியாக வாழ்கிறார். வாழ்க்கை அப்படித்தான் என்று எழுதி முடித்துப் பெருமூச்சு விட்டேன். அக்கா காகிதத்தை என் மேலேயே விட்டெறிந்தாள். "தப்பிச்சவன் கதையைப் படிச்சா, அடுத்த வருஷம் எவன் நாயைக் கூட்டிட்டு வருவான்? நோய் வெளியில தெரிஞ்சப்புறம் மருந்து கிடையாதுடி."

அவர் வாயைத் திறக்கவில்லை. அறுபதாம் நாள், தூக்கத்தில் இருக்கும் குழந்தையின் காலை

இல்லை. இதை எழுத என் கை போகவில்லை. வாசகரை அழவைக்க ஏழு வயதுக் குழந்தையைப் பணயம் வைக்க மாட்டேன்.

மூன்றாவது, உண்மையில் நடந்தது.

6

"டாக்டர், இது அந்த நாய் இல்ல" என்றார்.

"எந்த நாய்?"

"நீங்க ஊசி போட்டது. அன்னிக்கு ரெண்டு தடவையும் வந்தது கரிதான். பட்டையை மாத்தினேன்."

மனைவி கத்தவில்லை. "பதினாலு மாசம்" என்றார். பிறகு, "என் குழந்தை பக்கத்துல" என்றார். அந்த இரண்டையும் சேர்த்து ஒரு வாக்கியமாக்க அவரால் முடியவில்லை.

அக்கா சான்றிதழை எடுத்துப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையது. சமத்து என்று மெச்சியதும் நினைவுக்கு வந்தது. இப்போதெல்லாம் பட்டையை மட்டும் பார்த்துவிட்டு அவள் எந்த நாய்க்கும் பெயரெழுதுவதில்லை. தோலுக்கடியில் அடையாளச் சிப் வைக்காமல் சான்றிதழ் கொடுப்பதில்லை.

"கொல்றதா, கூண்டா? நீங்கதான் சொல்லணும்" என்று மனைவியிடம் கேட்டாள்.

"கூண்டு. அதை நான் சொல்றேன். ஏன்னு பாப்பாகிட்ட இவர் சொல்லட்டும்."

அன்று மாலையே அவர் சொன்னார், எதையும் மறைக்காமல். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ மைக்குப் பதிலா நீங்க கூண்டுல இருக்கலாமே, அப்பா?" என்றாள். கிண்டலில்லை. யோசனையாகத்தான் சொன்னாள்.

7

இன்று எழுபத்தோராம் நாள். மை சாப்பிடுகிறது, குரைக்கிறது, எடை குறையவில்லை. கணவர் கடையைப் பூட்டிவிட்டுத் தினமும் அக்காவின் மருத்துவமனைக்குப் போய், கம்பி வலைக்கு இரண்டடி தள்ளிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வலைக்குள் விரல் விடக்கூடாது. விடுவதில்லை. மனைவி இன்னும் அவரோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

அக்கா போனில் கேட்டாள்: "முடிச்சிட்டியா?"

"இன்னும் நாற்பத்தொன்பது நாள் இருக்கே."

"கதைதானே, எழுதிட்டுப் போயேன்."

"நீதானேக்கா நுரையை அடிக்கச் சொன்னே?"

"சரி, விடு" என்றாள். "கூண்டைக் கழுவ நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள்.

முடிவுக்கு அரை வரி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். இது உங்களிடம் வரும்போது அந்த நாள் கடந்திருக்கலாம், கடக்காமலும் இருக்கலாம். மீதியை அவசரப்பட்டு நிரப்பிவிடாதீர்கள்.

நூற்றிருபதாம் நாள் காலை, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாப்பா வந்து நிற்க, அக்கா சாவியை எடுத்து