பதினாறா, இருபத்துநாலா?

கல்லூரியில் 'காது' என்று பெயரெடுத்தவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால், அக்காவும் கல்லூரி வழக்கத்துக்கே வந்துவிட்டாள். காரணப்பெயர்தான். ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, இரண்டாவது வயலின்காரருக்கு இடது முழங்கை வலிக்கிறது என்று கூசாமல் சொல்லக்கூடியவன்.

அக்கா வீட்டில் தங்கிப் படித்தான். படிப்பு ஓர் அலமாரித் தட்டில் அடங்கிவிட்டது, ஸ்பீக்கர்கள்தான் அடங்கவில்லை. மூடிப்போன நடனப் பள்ளியிலிருந்து அவன் அள்ளி வந்த அந்த ஜோடி, ஃப்ரிட்ஜ் உயரத்தில், விருந்துக்கு வந்து திரும்பிப் போக மறந்த உறவினர்கள் மாதிரி ஹாலின் நல்ல மூலையில் நின்றது. அக்காவுக்குக் குழந்தை பிறந்து ஐந்து மாதம். தொட்டில் வைக்கத் தோதாகக் காற்று வரும் இடம் அந்த மூலை ஒன்றுதான்.

"ரெண்டும் பால்கனிக்குப் போகட்டும், வாஷிங் மெஷினுக்குத் துணையா" என்றாள் அக்கா.

பால்கனியில் சாரல் அடிக்கும். ஒரே மழையில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஊறி, உயிர் போய்விடும். காது உடனே லேப்டாப்பைத் திறந்து, மியூசிக் ப்ளேயரின் செட்டிங்கை அக்காவிடமும் மாமாவிடமும் காட்டி வகுப்பெடுத்தான். பதினாறு பிட் என்றால் ஒலியை அளக்க அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் படிகள். இருபத்துநாலு பிட் என்றால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம். அவன் வைத்திருப்பது இருபத்துநாலு. அந்த நுணுக்கத்தைக் காட்ட இந்த ஸ்பீக்கரும் இந்த மூலையும் இல்லாமல் முடியாது. அவனிடமிருந்த பாட்டெல்லாம் பதினாறிலேயே பதிவானவை என்பதையும், இருபத்துநாலில் வைத்தால் மிச்சமுள்ள எட்டு இடங்களிலும் பூஜ்யம்தான் வந்து உட்காரும் என்பதையும் அவன் எங்கோ படித்து, உடனே மறந்துவிட்டிருந்தான்.

நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார் மாமா.

"கண்ணை மூடிட்டே சொல்லுவேன் மாமா."

சொல்லியிருக்கக் கூடாது. அக்காவின் கணவர் கணக்கு விரிவுரையாளர். அதைவிட முக்கியம், தேர்வு நாட்களில் பறக்கும் படை. கால் முறிந்தவனின் மாவுக்கட்டுக்குள்ளிருந்தே துண்டுச்சீட்டை உருவியவர். விடுமுறையில் தேர்வே இல்லாமல் வாடிப்போயிருந்த மனுஷனுக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. பதினாறா இருபத்துநாலா என்று பத்துக் கேள்வி, பத்தும் சரியென்றால் ஸ்பீக்கர் அசையாது, ஒன்று தப்பினாலும் பால்கனி.

ஞாயிறு காலை ஹால் தேர்வறை ஆனது. பிரதிபலிப்பில் எதுவும் தெரிந்துவிடக் கூடாதென்று டிவிக்குப் போர்வை, கண்ணாடிக்குச் செய்தித்தாள். காதின் கைக்கடிகாரம், போன், காலுறை எல்லாம் பறிமுதல். கண்ணில் துண்டைக் கட்டி, லேப்டாப்புக்கு முதுகு காட்டி உட்காரவைத்தார். நடுநிலைப் பார்வையாளராக அக்கா சோபாவில், மடியில் தூங்கும் குழந்தை. சத்தம் குறைவாகத்தான் வைக்க வேண்டும் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

"திரும்பினா பேப்பரைப் பிடுங்கிடுவேன்" என்றார் மாமா, பேப்பரே இல்லாதவனிடம்.

முதல் பாட்டு ஓடியது. வேறு எண்ணைச் சொல்ல நாக்கு வராததால் இருபத்துநாலு என்றான். சரி. இரண்டாவதற்கு முன், லேப்டாப்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே இருந்த சின்னப் பெட்டி 'டிக்' என்றது. பாட்டு வந்தது. அதே குரல், அதே வயலின், இம்மி பிசகவில்லை. காதுக்கு வியர்த்தது. உலகத்தில் எல்லாருக்கும் கேட்பதுதான் தனக்கும் கேட்கிறது என்பது ஒரு மனிதனுக்கு எப்பேர்ப்பட்ட அடி.

அப்போதுதான் அந்த 'டிக்' மண்டைக்குள் இறங்கியது. செட்டிங் மாறினால் பெட்டி ஒரு முறை டிக் என்னும். மாறாவிட்டால் பேசாமல் இருக்கும். தொடக்கம் இருபத்துநாலு. மிச்சம் எண்ணிக்கைதான். இத்தனை நாளும் நண்பர்களிடம் "மேடைத் திரை விலகுற மாதிரி இருக்கும்" என்று அவன் உருகி உருகி வர்ணித்தது இந்த டிக்கைத்தான்.

"பதினாறு மாமா. பாடகி ரெண்டடி பின்னால போயிட்டாங்க."

அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. ஐந்தாவதில் வயலினுக்கு மூக்கடைப்பு என்றான். ஏழாவதில் டிரம்ஸ்காரர் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டார் என்றான். எட்டாவதில் மாமா நாற்காலிக்கு அடியில் படுத்துத் தேடினார். துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். அவன் காதுக்குள் டார்ச் அடித்தும் பார்த்தார். மாவுக்கட்டை ஜெயித்தவருக்கு, கண்ணெதிரே இருந்த பெட்டி டிக் டிக்கென்று காட்டிக்கொடுத்தும் உறைக்கவில்லை.

பத்தாவதும் சரி. கடைசி விடை பதினாறு.

"என் சர்வீஸ்லயே நேர்மையா ஒருத்தன் சென்டம் வாங்கி இப்பதான் பார்க்கிறேன்" என்றார் மாமா. முதல் மார்க் வாங்கியவனுக்கு மரியாதையாக, செட்டிங்கை இருபத்துநாலுக்கே மாற்றிவிடலாமென்று லேப்டாப்புக்குக் கையைக் கொண்டுபோனார். அதைத் தொட வேண்டாம், பாப்பா அசைகிறாள், போய் டீ போடுங்கள் என்று அக்கா அனுப்பிவைத்தாள். அவர் சமையலறைக்குள் போனதும் தம்பியைக் கிட்டே கூப்பிட்டாள்.

"பாப்பாவும் பத்துக்குப் பத்துடா."

காதுக்குப் புரியவில்லை.

"அந்தப் பெட்டி டிக்குங்கிறப்பெல்லாம் இவ ஒரு உதை விட்டா. நீ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே எனக்கு விடை தெரிஞ்சுபோச்சு. யாருக்குடா காது குத்துற?"

அவன் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான். "மாமாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா."

"சொல்லலை. பாவம், இப்பதான் ஒரு மாணவனை நம்ப ஆரம்பிச்சிருக்கார்." அக்கா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "ஆனா முதல் மார்க் ரெண்டு பேருக்கு. மூலையும் ரெண்டு பேருக்கு. இனிமே அந்தப் பெட்டி டிக்குங்கக் கூடாது."

அன்றே இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே தொட்டில் வந்தது. தொட்டில் பக்கத்தில் யாரும் எதையும் நோண்டக் கூடாதென்று உத்தரவும் வந்தது. செட்டிங் பதினாறிலேயே உறைந்து நின்றது.

கஷ்டம் காதுக்குத்தான். மாலையில் பாட்டு தேனாக வரும். குழந்தை அதில் சொக்கித் தூங்கும். மாமா மட்டும் எதிரே உட்கார்ந்து, தூக்குத் தண்டனைக் கைதியைப் பார்ப்பதுபோல் அவனையே பார்ப்பார். அவர் பார்க்கும்போதெல்லாம் அவன் பல்வலிக்காரன் மாதிரி முகத்தைச் சுளிக்க வேண்டியிருந்தது.

"எப்படிடா தாங்கிக்கிற?"

"பழகிக்கிறேன் மாமா."

ஒரு வாரம் கழித்து மாமா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்கா பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"பாடகி பின்னால நிக்கிறது இப்ப எனக்கும் லேசா உறுத்துதுடா."